தாய்வீடு எட்டாத பேறுகாலம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கைநிறைய வளையல் அடுக்கி, வகைவகையாய்ச் சோறாக்கிப் படைத்து மகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், மனைவி, மருமகள் என்னும் பொறுப்புகளினின்று அவளைச் சில திங்கள் விடுவித்து மீண்டும் மகளாக்குகின்றனர். தாயாகப் போகிறவள், அதற்கு முன் ஒருமுறை பிள்ளையாகி இளைப்பாறிக்கொள்கிறாள். இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று, வங்காளத்திலும் உண்டு.

இவ்வழக்கம் கைகூடாத தொலைவில் ஓர் இளம் இணையர் தம் முதற் குழந்தையை எதிர்நோக்கினால் அவர்களுக்கு என்ன நேரும்? இவ்வினாவை நம்முன் வைக்கும் புதினம் ஒன்றை அண்மையில் மீண்டும் படித்தோம். ஜும்பா லாகிரி ஆங்கிலத்தில் எழுதி 2003-இல் வெளிவந்த 'தி நேம்சேக்' என்பதே அது. ஒருவரின் பெயரையே தன் பெயராகத் தாங்கியவன் என்பது அத்தலைப்பின் பொருள்.

லாகிரி 1967-இல் இலண்டனில் வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் வளர்ந்தவர். 1999-இல் வந்த அவருடைய முதற் சிறுகதைத் தொகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு கிடைத்தது. 'தி நேம்சேக்' அவருடைய முதற் புதினம். இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மகன் கோகலைப் பற்றியே பேசுவர். இரு பண்பாடுகளுக்கிடையே அவன் படும் பாட்டை எடுத்துரைப்பர். நாமோ அவன் பிறப்பதற்கு முன்னும் பின்னுமான தொடக்கப் பக்கங்களிலேயே சற்று நின்றுவிட விரும்புகிறோம். இந்நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

அடுக்களையில் ஒரு மாலை

1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், புழுக்கமான ஒரு மாலை. இடம், பாஸ்டன் நகரையடுத்த கேம்பிரிட்ஜ். குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அஷிமா அடுக்களையில் நிற்கிறாள். பெட்டியில் அடைத்து விற்கும் அமெரிக்கப் பொரியரிசியையும் நிலக்கடலையையும் நறுக்கிய வெங்காயத்தையும் சேர்த்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் இட்டுப் பிசைகிறாள். கல்கத்தா நடைபாதைகளிலும் இரயிலடிகளிலும் செய்தித்தாள் பொட்டலத்தில் கட்டித் தரும் காரப்பொரியை அவள் நா தேடுகிறது. கடுகெண்ணெய் இல்லை. வாயில் இட்டுப் பார்க்கிறாள். வழக்கம்போல ஏதோ ஒன்று குறைகிறது.

கருவுற்ற மகளிரின் வேட்கையை நம் முன்னோர் 'வயா' என்றனர். அவர்கள் மண்ணை விரும்பி உண்பதைச் சங்கச் சான்றோர் பாடலிலேயே காண்கிறோம். அந்த வேட்கை உடலுக்கு மட்டும் உரியதன்று. நினைவும் அதில் பசிக்கிறது. லாகிரி இதை விளக்கிச் சொல்வதில்லை. வெங்காயத்தையும் பொரியையும் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ஊர்ப் பிரிவு பற்றிய நீண்ட புலம்பல் செய்ய முடியாததை, கடுகெண்ணெய் இல்லாத அந்த ஒரு கிண்ணம் செய்துவிடுகிறது.

அன்றைய காலச் சூழலையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்கா 1965-இல் தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டைக் கைவிட்டது. அதன்பின்னரே இந்தியப் பொறியாளரும் மருத்துவரும் அறிவியலாரும் பெருந்தொகையினராய் அங்குச் சென்றனர். அஷிமாவின் கணவன் அஷோக், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் ஆய்வு மாணவன். கடல்கடந்த தொலைபேசி அழைப்பு மிகுந்த செலவு வைத்த காலம் அது. ஊர்ச்செய்தி கடிதத்தில் வந்தது. வாரங்கள் கழித்து வந்தது.

திரைகளுக்கு நடுவே

மருத்துவமனைக் காட்சியே இந்நூலின் சிறந்த பகுதி. பட்டுச் சேலையைக் களைந்து, முழங்காலளவே வரும் பருத்தி அங்கியை அணியும்போது அஷிமா கூசுகிறாள். கட்டிலைச் சுற்றித் திரை. திரைக்கு அப்பால் வேறு மூன்று பெண்கள். அவர்களுள் ஒருத்தியின் கணவன் தன் அன்பை வாய்விட்டுச் சொல்வது காதில் விழுகிறது. தன் கணவனின் பெயரையே வாயால் சொல்லாத மரபில் வந்தவள் அஷிமா. அவன் அப்படிச் சொல்லிக் கேட்டதுமில்லை, கேட்க எதிர்பார்த்ததுமில்லை. இதை அன்பின்மை என்று ஆசிரியர் தீர்ப்பிடவில்லை. அன்புக்கு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு இலக்கணம் உண்டு என்பதை நாமே உணர விட்டுவிடுகிறார்.

இன்னொரு சிறு நிகழ்ச்சி. பிறக்கப்போவது ஆணா பெண்ணா, எதை விரும்புகிறாய் என்று கனிவாகக் கேட்கிறாள் தாதி. விரல்கள் எல்லாம் சரியாக இருந்தால் போதும் என்று விடையளிக்கும்போது, ஆங்கிலத்தில் பன்மை விகுதியை அஷிமா விட்டுவிடுகிறாள். தாதியின் முகக்குறிப்பால் தன் பிழையை அறிகிறாள். பேற்றுநோவுக்கு ஏறத்தாழ இணையாக அது அவளை வருத்துகிறது. ஏனெனில் ஊரில் அவள் ஆங்கிலம் படித்தவள். அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு டென்னிசனையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தவள். அயல்நாட்டில் ஒருவர் இழப்பது உறவுகளை மட்டுமல்ல, தாம் கற்றவர் என்ற மதிப்பையுந்தான் என்பதை ஓர் எழுத்தின் பிழையால் உணர்த்திவிடுகிறார் ஆசிரியர்.

இவ்வளவு தனிமையிலும் வியப்பு ஒன்று அவளுக்குள் இருக்கிறது. தன் தாயும் பாட்டியும் செய்ததையே தன் உடலும் செய்கிறது. உற்றார் ஒருவர் கண்ணும் படாத தொலைவிலும் செய்கிறது. இவ்வியப்பே கதையை அழுகையினின்று காக்கிறது.

நடந்துகொண்டிருக்கும் கணவன்

பேறுகாலத்தைப் பெண்ணின் கதையாக மட்டும் எழுதிவிட்டு ஆணை மறந்துவிடும் நூல்கள் பல. இங்கு அப்படியில்லை. அன்றைய வழக்கப்படி வெளியே காக்க வைக்கப்பட்ட அஷோக், நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காலைச் சற்றே தாங்கித் தாங்கி நடக்கிறான். 1961 அக்டோபரில் அவன் ஏறிய இரயில் நள்ளிரவுக்குப் பின் கட்சிலா அருகே தடம்புரண்டது. அவன் அப்போது படித்துக்கொண்டிருந்தது உருசிய எழுத்தாளர் கோகலின் 'மேலங்கி' என்னும் கதை. சிதைவுகளுக்கிடையே கிடந்தவனின் கையிலிருந்து அசைந்த ஒரு தாளைக் கண்டுதான் மீட்போர் அவன் உயிரோடிருப்பதை அறிந்தனர்.

ஆகவே அறைக்குள் மனைவி ஒரு பிறப்புக்காகக் காத்திருக்க, வெளியே அவன் தான் பெற்ற மறுபிறப்பை நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இப்பயணம் விடுதலை, அவளுக்கோ பிரிவு. ஒரே வீட்டில், ஒரே குழந்தைக்காக, இருவரும் வெவ்வேறு மனநிலையில் காத்திருக்கின்றனர். ஒருவரையொருவர் குறைகூறாமலே அவர்கள் அந்த இடைவெளியைக் கடப்பதை லாகிரி மிகையின்றி எழுதியிருக்கிறார்.

வராத கடிதம்

குழந்தைக்குப் பெயரிடும் உரிமை அஷிமாவின் பாட்டிக்கு உரியது. எண்பது கடந்த அம்மூதாட்டி, ஆணுக்கொன்றும் பெண்ணுக்கொன்றுமாக இரு பெயர்களை எழுதித் தாமே அஞ்சலகம் சென்று கடிதத்தைச் சேர்த்தார். பெயர்களை வேறெவரிடமும் சொல்லவில்லை. கடிதம் வந்துசேரவேயில்லை. பின்னர் அவர் நோயுற்று, சொல்ல இயலாத நிலையையும் அடைகிறார்.

பெற்றோருக்கு அவசரமில்லை. வங்காளிகளுக்கு வீட்டில் அழைக்க ஒரு பெயர், வெளியுலகுக்கு ஒரு பெயர் என இரண்டு உண்டு. இரண்டாவது பெயர் வர ஆண்டுகள் ஆனாலும் குற்றமில்லை. நம் நாட்டின் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், பெயரின்றியே பிறப்பைப் பதிந்து பெயரைப் பின்னர்ச் சேர்க்க இடந்தருகிறது. ஆனால் அந்த மருத்துவமனை அலுவலர் சான்றிதழ் இன்றிக் குழந்தையை வெளியே அனுப்ப இயலாது என்கிறார். சான்றிதழுக்கோ பெயர் வேண்டும். தந்தை தன் உயிரைக் காத்த எழுத்தாளரை நினைக்கிறான். குழந்தை கோகல் ஆகிறது.

இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜும்பா என்பதே ஆசிரியரின் வீட்டுப் பெயர். சொல்ல எளிதாயிருக்கிறது என்று பள்ளி ஆசிரியை ஒருவர் அதையே அவருடைய பெயராக்கிவிட்டார். பெயர் என்பது மூத்தோர் இளையோரைத் தொடும் முதற் கை. அந்தக் கை கடல்நடுவே தொலைந்துபோனதை ஒரு கடிதத்தால் காட்டியது, இந்நூலின் பெரும் வெற்றி.

ஓர் உவமையும் நம் மறுப்பும்

அயல்நாட்டில் வாழ்வதை, முடிவே இல்லாத கருவுற்ற நிலைக்கு ஒப்பிடுகிறார் ஆசிரியர். ஓயாத காத்திருப்பு, இறக்கிவைக்க முடியாத சுமை, எப்போதும் உடல் சரியில்லாதது போன்ற உணர்வு ஆகியன அவ்வொப்புமையின் கூறுகள். இந்நூலிலிருந்து மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் இடங்களுள் இது ஒன்று. அழகிய உவமைதான், எனினும் அதை முழுமையாக ஏற்க நம்மால் இயலவில்லை.

கருவுற்றவளின் சுமை வளரும் சுமை. அதன் முடிவில் ஒரு முகம் உண்டு. அந்த முகத்தை எடுத்துவிட்டுச் சுமையை மட்டும் வைத்துக்கொண்டால் அது கருவன்று, நோய். ஆசிரியர் தம் உவமையில் அந்த முகத்தை விட்டுவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். சுவையானது என்னவெனில், அவருடைய கதையே அவருடைய உவமையைத் திருத்துகிறது. குழந்தை பிறந்த சில நாளில், இந்நாட்டில் தனியே பிள்ளை வளர்க்க மாட்டேன், படிப்பை விரைவில் முடியுங்கள் என்று கணவனிடம் மன்றாடும் அதே அஷிமா, பின்னர்க் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அவ்வூரின் தெருக்களை அறிந்துகொள்கிறாள். ஊர் செல்ல வாங்கிய பொருள்களை ஒருநாள் சுரங்க இரயிலில் மறந்து விட்டுவிட, அவை ஒன்றுகூடக் குறையாமல் திரும்பக் கிடைக்கின்றன. அந்த ஊர் முதன்முறையாக அவளுக்கு எதையோ திருப்பித் தருகிறது.

ஆறாம் மாதத்தில் முதற் சோறூட்டும் சடங்கு வருகிறது. தாய்மாமன் ஊட்ட வேண்டும், மாமனோ கல்கத்தாவில். வங்காளி நண்பர் ஒருவர் மாமனாகிப் பாயசம் ஊட்டுகிறார். உறவு இல்லாத இடத்தில் உறவை ஆக்கிக்கொள்ளும் இக்காட்சி, முடிவில்லாத காத்திருப்பு என்னும் உவமைக்கு நேர் மாறானது. கதையின் இறுதியில் அஷிமா ஆறு மாதம் இந்தியாவிலும் ஆறு மாதம் அமெரிக்காவிலும் வாழ முடிவு செய்கிறாள். எல்லையற்றவள் என்பது அவள் பெயரின் பொருள். இறக்கிவைக்க முடியாது என்ற சுமையை அவள் இறக்கிவைத்தே விடுகிறாள்.

வேறு குறைகளும் உண்டு. நூல் முழுவதும் நிகழ்காலத்திலேயே சொல்லப்படுகிறது. காத்திருப்பவர்க்கு ஒவ்வொரு கணமும் நீளுமாதலால் தொடக்கத்தில் அது பொருந்துகிறது. ஆண்டுகள் விரைந்தோடும் பின்பகுதியில் அதே நடை பட்டியலாகச் சலிப்பூட்டுகிறது. மேலும், கதை மகனைப் பின்தொடரத் தொடங்கியதும் அஷிமா நெடுநேரம் மறைந்துபோகிறாள். 2006-இல் மீரா நாயர் இதைத் திரைப்படமாக்கியபோது, கதைக்களத்தை நியூயார்க்குக்கு மாற்றினாலும், தபுவின் நடிப்பால் இக்குறையை ஓரளவு நீக்கினார் எனலாம். இன்னொன்று, திரைக்கு அப்பால் இருந்த அப்பெண்கள் இறுதிவரை வெறும் குரல்களாகவே இருந்துவிடுகின்றனர். அவர்களும் அன்றிரவு அஞ்சியிருப்பர் அல்லரோ?

நம் பக்கத்துத் திரை

இன்று கடிதம் தொலைவதில்லை. கைப்பேசித் திரையில் தாயும் மகளும் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். மகள் தாய்வீடு வர இயலாதபோது, தாய்வீடே விமானம் ஏறி மகளிடம் போகிறது. பேறுகால மருந்துப் பொடியும் கருப்பட்டியும் பெட்டியில் பயணம் செய்கின்றன. ஆனால் எல்லாத் தாயாராலும் போக இயல்வதில்லை. நுழைவு அனுமதி மறுக்கப்பட்டோரும், நோயுற்ற கணவரை விட்டுப் பிரிய முடியாதோரும், பணமில்லாதோரும் உண்டு. வெந்நீர் வைத்து ஊற்றும் கை திரையின் வழியே செல்வதுமில்லை. அதனால் இந்நூல் பழையதாகிவிடவில்லை.

நூலை மூடிவைத்தபின் நம் மனத்தில் நின்றது வேறொன்று. அஷிமாவோடு சேர்ந்து அந்த மருத்துவமனைத் திரையை உள்ளிருந்தே பார்த்து வருந்தினோம். ஆனால் நம் ஊர்களில் அத்திரையின் மறுபக்கத்தில் இருப்பவர் நாமே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வந்து, மொழியறியாமல், தாய்வீடு எட்டாமல், முதற் குழந்தையை எதிர்நோக்கியிருக்கும் இளம் இணையர் நம் தெருக்களிலேயே வாழ்கின்றனர். அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் அவள் சொல்லும் அரைகுறைத் தமிழைக் கேட்டு யாரேனும் சிரிக்கும்போது, ஓர் எழுத்தை விட்டுவிட்டுக் குன்றிப்போன அஷிமா நினைவுக்கு வருகிறாள். அவளும் தன் ஊரில் எதையோ கற்றவளாயிருப்பாள், யாருக்கோ கற்றுக்கொடுத்தவளாயிருப்பாள். பொரியில் ஏதோ குறைகிறதென்று அவளும் இன்று மாலை நினைத்திருக்கக்கூடும்.

அக்குழந்தைக்கு முதற் சோறூட்ட ஒரு மாமன் தேவைப்படும்.