"சார், இது சோதனைக்கு வருமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவர் உண்டா? கேட்டு முகஞ்சுளிக்காத ஆசிரியர்தான் உண்டா? நானும் சுளித்தவன்தான். 'பாய்ஸ் இன் வைட்' படித்த பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். 1961இல் வந்த நூல். ஹோவர்ட் பெக்கரும் இன்னும் மூவரும் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களைப் பற்றி எழுதியது. செயலாய்வு எழுதப் போகிறவர்கள் கட்டாயம் புரட்டிப் பாருங்கள்.

வினாநிரலைக் கொடுத்து விழுக்காடு போடும் வேலை இதில் இல்லை. ஆய்வாளர்கள் மாணவர்களோடு விரிவுரைக்குப் போனார்கள், வார்டுகளில் சுற்றினார்கள், பேச்சைக் கேட்டார்கள். கண்டது என்ன? முதலாண்டு மாணவர் எல்லாவற்றையும் படித்துவிடும் ஆசையோடு வருகிறார். பாடம் மலைபோல் குவிகிறது. முடியாது என்று தெரிந்ததும், விரிவுரையாளர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைப் படிப்போம் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். சோம்பல் இல்லைங்க இது. ஒரே நெருக்கடியில் இருப்பவர்கள் கூடிப் பேசிக் கண்ட வழி.

எனக்குப் பிடித்தது ஒரு சொல்லின் கதை. சில நோயாளிகளை மாணவர்கள் 'க்ராக்' என்று ஏளனமாகச் சொல்வார்களாம். பொருள் கேட்டார் பெக்கர். மனத்தால் நோய் வந்தவர் என்று பதில். அப்போது வயிற்றுப்புண்ணையும் அப்படித்தான் கருதினார்கள். "அந்த வயிற்றுப்புண்காரரும் க்ராக்கா?" இல்லையாம்! பெக்கர் விடவில்லை. கேட்டுக் கேட்டுக் கடைசியில் பிடிபட்டது: நிறைய முறையிடுவார், பரிசோதித்தால் உடலில் ஒன்றும் அகப்படாது. அவரிடம் கற்க ஒன்றுமில்லை, நேரம்தான் போகும். மாணவர் எதைக் கல்வி என்று மதிக்கிறார் என்பது அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டது. 'நோயாளிகளை மதிக்கிறீர்களா?' என்று வினாநிரலில் கேட்டிருந்தால் எல்லாரும் 'மிகவும் ஏற்கிறேன்' என்று வட்டமிட்டிருப்பார்கள்.

"நாலு பேர் பேசினதை வெச்சு ஆய்வா?" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மாணவர் தானாகச் சொன்னதா, கேட்டதால் சொன்னதா, தனியாகச் சொன்னதா, கூட்டாளிகள் முன்னாலா என்று பிரித்து எண்ணி அட்டவணை போட்டிருக்கிறார்கள். 'மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர்' என்று நாம் ஒரே வரியில் முடிக்கிறோமே, அந்த வரியை இந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது?

குறையும் உண்டு. தலைப்பிலேயே 'பையன்கள்', அந்தக் காலத்து வகுப்பில் பெண்கள் மிகச் சிலர், நூலிலும் ஓரத்தில்தான். பார்வை முழுக்க மாணவர் பக்கம். க்ராக் என்று பெயர் வாங்கிய நோயாளி அந்த வார்டில் என்ன நினைத்துப் படுத்திருந்தார்? அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லையே என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.