எழுத்தும் ஓர் அமானிதமே

பிறர் வீட்டுத் தென்னையில் கேளாமல் ஓர் இளநீர் பறிப்பது ஹராம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால், ஒருவர் பல்லாண்டுகள் கண் விழித்து எழுதிய நூலை அவரைக் கேளாமலே அச்சிட்டு விற்பதையும், படியெடுத்துப் பலருக்கு அனுப்புவதையும் நம்மிற் பலர் பிழையாகக் கருதுவதில்லை. ‘இல்மு பொதுச் சொத்தல்லவா?’ என்று நியாயமும் கற்பித்துக் கொள்கிறோம். இந்நியாயம் ஷரீஅத்தின் தராசில் நிற்குமா?

இவ்வாறு கூறுவோரிடம் ஆதாரமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கேட்டவருக்குக் கல்வியை மறைப்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாக எச்சரித்துள்ளார்கள். முற்கால ஹனஃபீ அறிஞர்கள், கைக்கொண்டு சேமிக்கத்தக்க பொருளையே ‘மால்’ என மதித்தனர். பதிப்புரிமையை ஏற்காத பெரியார்களுள் பாகிஸ்தானின் முஃப்தீ முஹம்மது ஷஃபீஃ (ரஹ்) அவர்களும் ஒருவர். அவர்தம் மைந்தர் முஃப்தீ தகீ உஸ்மானீ அவர்களோ அவ்வுரிமையை ஆதரித்து எழுதினார்கள். ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் பொருளால் விளையும் பயனும் செல்வமே.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இவ்விவாதத்தில் தெளிவான முடிவு கண்டது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை உரியவர்க்கே சொந்தம். இக்கால வழக்கில் அவை விலைமதிப்புடையவை. அவற்றில் அத்துமீறல் கூடாது என்பது அதன் சாரம். இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

எனினும், அத்தீர்மானம் இரு வினாக்களுக்கு விடை தரவில்லை. ஆசிரியர் மறைந்தபின் இவ்வுரிமை எத்தனை ஆண்டு நிலைக்கும்? மீறியவருக்குத் தண்டனை யாது? திருட்டுக்குரிய ஹத்து இங்கே பொருந்தாது. பாதுகாப்பான இடத்திலிருந்து பொருளை மறைவாகக் கவர்ந்து செல்வதற்கே அது உரியது. படியெடுப்பதிலோ மூலம் உரியவரிடமே இருக்கிறது. எஞ்சுவன, நீதிபதி சூழலுக்கேற்ப விதிக்கும் தஃஸீரும், இழப்பை ஈடுசெய்தலுமே. இவற்றின் அளவை அரசுகளின் சட்டங்களே வரையறுக்க வேண்டியுள்ளது.

ஆனால், சட்டம் எட்டாத இடத்தையும் எட்டுவது அமானிதம். மிஸ்ரு நாட்டில் இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள், தம் நூல்களிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தாண்டதாக இமாம் கஸ்தல்லானீ (ரஹ்) அவர்கள்மீது ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல் அன்ஸாரீ (ரஹ்) அவர்களிடம் முறையிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. “பைஹகீ கூறியதாக இவர் எழுதுகிறார், அவருடைய எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும்” என்பதே ஸுயூத்தீ அவர்களின் வாதம். விடை கிடைக்கவில்லை. ‘பைஹகீயிடமிருந்து ஸுயூத்தீ எடுத்துரைத்தார்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! பின்னர், கஸ்தல்லானீ அவர்கள் வெறுங்காலுடன் நடந்துபோய் அவர் வாயிலில் நின்று மன்னிப்பு வேண்டினார்கள். ‘மனம் தெளிந்தது’ என்ற சொல் உள்ளிருந்து வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

அங்கே வழக்கு ஒரு காசுக்காகவும் எழவில்லை. யார் உழைப்பு என்று சொல்லும் நேர்மைக்காக எழுந்தது. பெயரை மறைப்பதே அத்துணைப் பெரிய குறையெனில், பெயரையும் வருவாயையும் சேர்த்துப் பறிப்பதை என்னென்பது? கல்வியைப் பரப்புவது நன்மையே; ஆனால் அதனைப் பிறர் செலவில் பரப்பிவிட்டு நன்மையை நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்போம். அவர் இல்லையேல் வாரிசுகளிடம் கேட்போம். ஹலாலான உணவைத் தேடும் நம் இல்லங்களில், ஹலாலான நூல்களும் இருக்க வல்ல நாயன் அருள்வானாக!