ஓநாயும் கோவிவனும்: ‘ஆல்பா’ திரைப்படத்தில் மனித – விலங்கு உறவு

ஆல்பர்ட் ஹியூஸ் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த ‘ஆல்பா’, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஐரோப்பாவைக் களமாகக் கொண்டது. வேட்டையின்போது பாறையினின்று வீழ்ந்து, இறந்தவனாகக் கருதிக் கைவிடப்பட்ட கேடா என்னும் இளைஞன், தன்னைத் தாக்கிய ஓநாயைக் காயப்படுத்துகிறான். பின்னர் கொல்ல மனமின்றி அதனைப் பேணுகிறான். இரண்டுயிரும் பனிக்காலத்தைக் கடந்து குடி சேர்வதே கதை. மாந்தர் பேசும் மொழி இப்படத்திற்கெனவே ஆக்கப்பட்டதாகும். ஆதலின் கேடாவின் சொல்லும் ஓநாயின் உறுமலும் பார்வையாளர்க்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்கின்றன. படத்தின் சிறந்த உத்தி இதுவே எனலாம்.

எனினும், நாய் என்னும் இனத்தின் தோற்றத்தை ஒருவனது இரக்கத்தின்மேல் நிறுத்துவது ஏற்புடைத்தன்று. அகத்தியமலைத் தொடரைச் சார்ந்த பொன்முடியை எண்ணிப் பார்க்கலாம். அம்மலைத்தொடரின் விலங்கு ஓநாய் அன்று, செந்நாய். அதுவும் கூட்டமாய் வேட்டையாடுவது. காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் காடுகளிலேயே திரிவது. ஆயினும் செந்நாய் எங்கும் மனைவிலங்காகவில்லை. இரக்கம் ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாட்டிற்கு விளக்கமில்லை.

பேணுதலுக்குச் சான்றே இல்லை என்பதன்று. ஜெர்மனியின் ஒபர்காசெலில் 1914இல் கண்டறியப்பட்ட, ஏறத்தாழப் பதினாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய புதைகுழியில் மனிதரோடு ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. கடும் நோயுற்ற அக்குட்டி சில வாரங்கள் உயிர் தரித்தது மனிதப் பராமரிப்பாலேயே என்பர் ஆய்வாளர். ஆனால் அது முன்னரே நாயாகிவிட்ட உயிர். பரிவு ஈண்டு உறவின் விளைவு, தோற்றுவாய் அன்று.

தமிழகச் சான்று இதனினும் கூர்மையானது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரிலுள்ள நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தியின் உருவோடு நாயின் உருவும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டே கூறுகிறது. அன்பைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. நாய் செய்த தொழிலே அதற்குக் கல்லில் இடம் தந்தது. தன்னை ஆட்கொண்ட ஓநாயைக் கேடா பெயரிட்டு அழைக்கும் காட்சி நெகிழ்ச்சி தருவதே. ஆனால் ஊரார் ஒரு நாயின் பெயரை வீரனின் பெயரோடு வெட்டிவைத்த செயலின் கனம் அதற்கில்லை.

இறுதியில் ஓநாய் குடியிருப்பில் குட்டிகளை ஈனுகிறது. அவை மனிதரிடையே வளர்கின்றன. ஓநாய் நாயாகும் வினா உண்மையில் தொடங்குவது அங்கேதான். படமோ அவ்விடத்தில் முடிந்துவிடுகிறது.