உயர்விலை இன்-இயர் இயர்போன்கள்: ஒலித்தர ஒப்பீடு

காதுத் துளைக்குள் செருகிக் கேட்கும் இயர்போன்களில் உயர்ந்த வகையை 'இன்-இயர் மானிட்டர்' என்பர். மேடையில் வாசிப்பவர் தம் வாசிப்பைத் தாமே தெளிவாகக் கேட்பதற்காக உருவான கருவி இது. 1995இல் ஜெரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர் வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞருக்குச் செய்துகொடுத்ததிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. இன்று பாட்டு கேட்கும் யாரும் இவற்றை வாங்கலாம். விலை ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது.

இவற்றை ஒப்பிடும் கட்டுரைகளும் காணொளிகளும் ஏராளம். ஆனால் எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வியைப் பலர் எழுப்புவதே இல்லை. ஓர் இயர்போனை இன்னோர் இயர்போனோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பது தெரியும். எது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது தெரியாது. அதற்கு நேரில் கேட்ட ஒலி ஒன்று மனத்தில் இருக்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் பக்கத்தில் வளரும் ஒரு மாணவருக்கு அப்படிப்பட்ட ஒலிகளுக்குக் குறைவில்லை. கோயில் திருவிழாவில் நாதசுரமும் தவிலும் பத்தடி தூரத்தில் ஒலிக்கின்றன. தெருக்கூத்தில் முகவீணையையும் மிருதங்கத்தையும் விடியும்வரை கேட்கலாம். மேலைநாட்டு ஒப்பீடுகளில் டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' போன்ற பாடல்களே சோதனைப் பாடல்கள். அந்தப் பாடகியின் குரல் நேரில் எப்படி இருக்கும் என்பதை இங்கே அறிந்தவர் அரிது. தவில் எப்படி ஒலிக்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நம் ஊர் ஒப்பீட்டாளர்களும் வெளிநாட்டுச் சோதனைப் பாடல்களின் பட்டியலையே அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு கைமுதலை வீணடிப்பதாகும்.

காது செய்யும் வேலை

மனிதக் காதுத் துளை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒருபக்கம் மூடிய குழாய். புல்லாங்குழலின் காற்றுத் தம்பம் போல இதற்கும் ஓர் ஒத்ததிர்வு உண்டு. அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே உயர்த்திக் காட்டும். நாம் பிறந்தது முதல் உலகத்தை இப்படித்தான் கேட்டுவருகிறோம். துளையை இயர்போனால் அடைத்தவுடன் இந்த ஒத்ததிர்வு கெட்டுவிடுகிறது. காதுமடலின் பங்கும் இல்லாமல் போகிறது. ஆகவே அந்த உயர்வை இயர்போனே ஈடுசெய்ய வேண்டும். எவ்வளவு ஈடுசெய்வது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு தொடங்குகிறது. குறைந்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கும். மிகுந்தால் நாதசுரம் காதைக் குத்தும்.

மூன்று உயர்விலைக் கருவிகள்

அமெரிக்காவின் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஈஆர்-4 இத்துறையின் மூத்த பிள்ளை. அதை வடிவமைத்த மீட் கில்லியன் காதுகேள்கருவித் துறையிலிருந்து வந்தவர். காந்தங்களுக்கிடையே ஒரு சிறு நாக்கு அதிரும் 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' என்ற அமைப்பு ஒன்றே இதில் உண்டு. அதுவும் காதுகேள்கருவியின் உறுப்புதான். காதுத் துளையின் இயல்பை அளந்து செய்ததால் நடுச்சுருதிகள் மிகத் தெளிவாக வரும். அடியொலி மெலிந்து இருக்கும். முனையைத் துளைக்குள் ஆழமாகத் தள்ள வேண்டியிருப்பதால் பலருக்கு இது பிடிப்பதில்லை.

ஷூர் நிறுவனத்தின் எஸ்இ846 2013இல் வந்தது. நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள் கொண்டது. அடியொலியைப் பிரித்தெடுக்க, நெளிநெளியான பாதை வெட்டிய பத்து எஃகுத் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். அடியொலி உறுதியாகவும் நிறைவாகவும் இருக்கும். உச்ச சுருதிகள் சீக்கிரமே தணிந்துவிடும். முனைக்குழாயில் வடிகட்டியை மாற்றி ஒலியின் நிறத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு.

ஜெர்மனியின் சென்ஹைசர் 2021இல் 1,300 டாலர் அளவிலான விலையில் வெளியிட்ட ஐஇ 900 எதிர்த் திசையில் போகிறது. பல உறுப்புகளை அடுக்காமல் 7 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே 'டைனமிக்' ஒலிப்பான், அதாவது நுண்ணிய ஒலிபெருக்கி ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். அலுமினியக் கூட்டிலேயே மூன்று ஒத்ததிர்வு அறைகளைக் குடைந்து தேவையற்ற முகடுகளை அடக்குகிறார்கள். அடியொலியும் உச்ச ஒலியும் எடுப்பாக இருக்கும். குரல் வாழும் நடுமேற்பகுதி சற்றுப் பின்வாங்கும். பொறியியல் நேர்த்தியில் மூன்றில் முதலிடம் இதற்குத்தான். குரலுக்காகக் கேட்பவருக்கு முதலிடம் இதற்கல்ல.

தம்புராவும் மிருதங்கமும்

இக்கருவிகளைச் சோதிக்க தம்புராவைப் போல எளிய உரைகல் வேறில்லை. ஒரு கட்டை சுருதியில் அதன் மந்தரக் கம்பி சுமார் 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இதைக் கொண்டு அடியொலியைச் சோதிக்கலாம் என்று தோன்றும். உண்மையில் தம்புராவின் அடிப்படை அதிர்வு வலுக்குறைந்தது. அதன் உயிரெல்லாம் மேற்சுரங்களில் இருக்கிறது. குதிரையின் மேல் கம்பிக்கு அடியில் செருகும் நூலும் குதிரையின் வளைவுமே இதற்குக் காரணம். கம்பியை மீட்டும் இடத்தில் எழக்கூடாத மேற்சுரங்களும் தம்புராவிலும் வீணையிலும் எழுகின்றன என்று சி. வி. இராமன் 1921இல் எழுதினார். மீட்டிய பின் ஒலி தேயும்போது இந்த மேற்சுரங்களின் அழுத்தம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வருகிறது.

இயர்போனுக்குச் சோதனை இந்த இறக்கத்தில்தான். ஒலிப்பானில் எங்காவது முகடோ பள்ளமோ இருந்தால், இறங்கிவரும் சுரங்களில் ஒன்று திடீரெனத் துருத்தும், அல்லது காணாமல் போகும். ஆய்வுக்கூடத்தில் அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிச் செய்யும் சோதனையைத் தம்புரா ஒவ்வொரு மீட்டலிலும் தானே செய்துவிடுகிறது. ஈஆர்-4இன் வலிமை வெளிப்படுவது இங்கேதான். எஸ்இ846இல் தம்புரா இனிமையாக இருக்கும். ஆனால் அதன் ரீங்காரத்தின் பொடிப்பொடியான மினுமினுப்பு குறையும்.

மிருதங்கம் வேறு குறையைக் காட்டிக்கொடுக்கும். சாதாரணத் தோல்வாத்தியத்தில் மேலதிர்வுகள் சுரத்தோடு பொருந்தாமல் சிதறும். வலந்தலையின் நடுவே அப்பிய கரணை அவற்றைச் சுரவரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதையும் இராமன்தான் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் விளக்கினார். எனவே வலந்தலைச் சொல்லில் சுருதி கேட்க வேண்டும். இடந்தலையான தொப்பியில் கனம் இருக்க வேண்டும். அதில் கும்கி வாசிக்கும்போது சுரம் வழுக்கி ஏறுவது தெரிய வேண்டும். அடியொலியை அளவுக்கு மீறி ஊதிய இயர்போனில் கும்கி வெறும் 'பூம்' ஆகிவிடும். தொப்பி பாடகரின் குரல்மேல் போர்வை போர்த்தும். ஐஇ 900 இந்த ஆபத்தின் விளிம்புவரை போய், ஒலிப்பானின் வேகத்தால் தப்பிக்கிறது. ஈஆர்-4இல் கும்கியின் வழுக்கல் துல்லியமாக வரும், கனம் வராது. மிருதங்கத்துக்கு எஸ்இ846 பொருத்தம்.

நாதசுரத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் மிகையான உயர்வு இருந்தால் ஐந்து நிமிடத்தில் காது சொல்லிவிடும். முகவீணை இன்னும் சீக்கிரம் சொல்லும்.

விலையும் ஒலியும்

ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்து, அதிர்வெண் சமநிலைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். அதற்குப் பின் வந்த சீனக் கருவிகள் இதை வீட்டுவாசலுக்கே கொண்டுவந்துவிட்டன. 2022இல் வந்த செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோவின் விலை சுமார் 20 டாலர்தான். குரலின் சமநிலையில் அது மேலே சொன்ன லட்ச ரூபாய்க் கருவியைவிடக் குறை சொல்ல முடியாதது. அதிக விலை கொடுத்தால் கிடைப்பவை கூட்டின் உறுதி, கம்பியின் தரம், காதில் உட்காரும் சுகம், பல வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது கிடைக்கும் தெளிவு ஆகியவை. இவை பொய்யான நன்மைகள் இல்லை. ஆனால் முதல் இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் பலனோடு ஒப்பிட்டால், அடுத்த ஒரு லட்சத்தில் கிடைப்பது சொற்பம். கல்லூரிக் கட்டணம் கட்டும் வீட்டில் இந்தக் கணக்கு முக்கியமானது. ஒப்பீட்டாளர்கள் பலர் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை.

ஒப்பீடுகளில் காணும் குறைகள்

ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது முதற்பிழை. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது 'சத்தம் அதிகம்' என்று உணர்வதில்லை, 'தரம் அதிகம்' என்று எடுத்துக்கொள்கிறது. எந்தக் கருவி காதில் இருக்கிறது, அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டே மதிப்பெண் போடுவது அடுத்த பிழை. விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்துவிட்டுத் திருத்தும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே ஏனோ அது வருவதில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, முனை பொருந்துவதைப் பற்றிப் பேசாதது. சிலிகோன் முனைக்கும் காதுத் துளைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் அடியொலி பத்து டெசிபலுக்கு மேல் ஒழுகிப் போகலாம். ஒருவர் 'அடியொலியே இல்லை' என்றும் இன்னொருவர் 'அடியொலி அருமை' என்றும் ஒரே கருவியைப் பற்றி எழுதுவதற்கு ரசனை வேறுபாட்டைவிட இதுவே அடிக்கடி காரணமாகிறது. பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

உச்ச ஒலிகள் பற்றிய தீர்ப்புகளையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இத்துறையில் பெயர்பெற்ற கிரினக்கிள் போன்ற விமர்சகர்கள் ஐஇசி 60318-4 என்ற தரத்தை ஒட்டிய செயற்கைக் காதில் அளந்து வரைபடம் தருகிறார்கள். 8,000 ஹெர்ட்ஸ் வரை அது நம்பத்தக்கது. அதற்குமேல், இயர்போன் எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது என்பதைப் பொறுத்து முகடுகளின் இடம் மாறும். 'பத்தாயிரம் ஹெர்ட்ஸில் பளபளப்பு' என்று ஒருவர் எழுதுவது அவருடைய காதுத் துளையைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம். 'ஒலிமேடை விரிவு' என்று புகழ்வதும் இப்படித்தான். காதுமடலைத் தாண்டி நேரே உள்ளே ஒலிக்கும் கருவியில் கச்சேரி பெரும்பாலும் தலைக்குள்தான் நடக்கும்.

ஓடும் பேருந்தில் கேட்டுப் பார்த்து எழுதிய ஒப்பீடு காண்பது அரிது. மாணவர்கள் அதிகம் கேட்பதோ அங்கேதான். கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரம் வரும் பேருந்தின் எஞ்சின் உறுமல் முழுக்க அடியொலி. அது மிருதங்கத்தின் தொப்பியை முதலில் விழுங்கும். உடனே கை ஒலியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்தையே பாதுகாப்பான எல்லையாகச் சொல்கிறது. ஒலி 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும். 35 டெசிபலுக்குமேல் வெளிச்சத்தத்தைத் தடுப்பதாக எட்டிமோட்டிக் கூறும் ஈஆர்-4 வகையில் ஒலியைக் கூட்டத் தேவையே எழாது. காதில் சரியாகப் பொருந்திய இரண்டாயிரம் ரூபாய்க் கருவியிலும் ஒலியளவைப் பல படிகள் குறைத்தே கேட்கலாம். தளர்ந்து தொங்கும் லட்ச ரூபாய்க் கருவியில் அது முடியாது.