‘ஜி’ என்றால் தங்கம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அப்பாவும் அங்கேயே ஒரு ரோலிங் மில்லில் இருக்கிறார், அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறார். அதற்குள் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கி, அப்பாவையும் அவரோடு வேலை பார்க்கிறவர்களையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கவேண்டுமாம். ‘யாஷிகா மேட் வாங்குவதா, 124-ஆ, 124ஜி-யா? ஜி-க்கு ரொம்ப விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?’

கொடுக்கவேண்டாம். காரணம் சொல்லக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

நீங்கள் நாற்பதைத் தாண்டியவர் என்றால், வீட்டில் அப்பா அம்மா கல்யாண போட்டோவைத் தேடி எடுங்கள். திருவள்ளூரோ பொன்னேரியோ, படம் சதுரமாக இருந்தால் பெரும்பாலும் இரட்டைக் கண் கேமராவின் கைங்கரியம். மேல் கண் போட்டோகிராபருக்கு, கீழ்க் கண் ஃபிலிமுக்கு. குனிந்துதான் பார்க்கவேண்டும்; மாப்பிள்ளை வலது பக்கம் இருந்தால் இடது பக்கம் தெரிவார். இந்த ஜாதியில் ராஜா ஜெர்மனியின் ரோலிஃபிளெக்ஸ். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா வைத்திருந்தது. அந்த விலை கட்டுப்படியாகாதவர்களுக்காக ஜப்பானிலிருந்து யாஷிகா வந்தது.

120 ரோல் போட்டால் 12 படம். நெகட்டிவ் 6 சென்டிமீட்டர் சதுரம், 35 மி.மீ. நெகட்டிவைவிட மூன்றரை மடங்கு பரப்பு. முகத்தில் பரு, தழும்பு இருந்தால் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்ய இடம் இருந்தது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி ஆரம்பித்து, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் உள்நாட்டிலேயே கிடைத்தது. (அந்தத் தொழிற்சாலை மூடப்பட்ட கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இப்போது வேண்டாம், வயிறு எரியும்.)

இன்னொரு சௌகரியம் பலருக்குத் தெரியாது. இதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 1/500 செகண்ட் வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் வேலை செய்யும். அந்தக் காலத்து 35 மி.மீ. கேமராக்களில் பல 1/60-க்கு மேல் திணறும். உச்சி வெயிலில் நம் ஊர் முகங்களில் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளம் விழும். அதை நிரப்ப வெயிலிலேயே ஃபிளாஷ் போடவேண்டும். வாசகருக்கும் இது தேவைப்படும். மில்லுக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி கிடைப்பது சந்தேகம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே வரும்போதுதான் எடுக்க முடியும்.

சரி, தலைமுறைகளுக்கு வருவோம். யாஷிகா மேட் 1957-ல் வந்தது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் ஃபிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகும். அப்புறம் 120 ரோலுக்கு ‘12’ என்று ஒரு மாடல், இரட்டிப்பு நீளமான 220 ரோலுக்கு ‘24’ என்று ஒரு மாடல். இரண்டையும் ஒன்றாக்கி 1968-ல் ‘124’. பெயர் வைத்தவருக்கு நல்ல கணக்கு மூளை. 1970-ல் அதற்கு ஒரு ‘ஜி’ சேர்ந்தது. ஜி என்றால் கோல்டு. கேமரா தங்கம் இல்லை. உள்ளே இருக்கும் வெளிச்ச மீட்டரின் மின் இணைப்புகளுக்குத் தங்க முலாம். உடம்பில் கறுப்பு கூடியது. 1986 வரை ஓடிய மாடல்.

நான் காமர்ஸ் படித்தவன். ஜி-க்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. 220 ஃபிலிமா? பெரிய கம்பெனிகள் அதை நிறுத்தி வருஷங்களாகின்றன. மதிப்பு பூஜ்யம். மீட்டரா? அது 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்குச் செய்தது, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற பேட்டரியை வைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அரை நூற்றாண்டு ஆன மீட்டருக்கு இத்தனை உபசாரம் எதற்கு, உங்கள் செல்போனிலேயே வெளிச்சம் அளக்க ஆப் இருக்கும்போது? தேய்மானம் கழித்தாயிற்று, அதுவும் பூஜ்யம். லென்ஸா? 124-லும் ஜி-யிலும் அதே நான்கு கண்ணாடி யாஷினான், 80 மி.மீ., எஃப் 3.5. ஆக, மிச்சம் இருப்பது ‘குட்வில்’. அதற்கு நீங்கள் ஏன் காசு கொடுக்கவேண்டும்? அந்தப் பணத்துக்கு ரோல் வாங்கலாம்.

எல்லாப் பழைய யாஷிகாவும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. யாஷிகா ஏ-யிலும், டி-யில் பெரும்பாலானவற்றிலும் மூன்று கண்ணாடி யாஷிகார் லென்ஸ். அகலத் திறந்தால் ஓரங்கள் மழுங்கும். லென்ஸ் வளையத்தில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். யாஷினானா யாஷிகாரா என்பது ஜி-யைவிட முக்கியம்.

இவர் இருக்கிற வட்டாரம் பழவேற்காட்டு உப்புக் காற்று அடிக்கிற வட்டாரம். கேமராவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி ஃபங்கஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரை 1 செகண்டில் வைத்துத் தட்டி, வாயால் ஆயிரத்து ஒன்று சொல்லுங்கள். அது இழுத்துக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிட்டது. தூரத்தில் இருக்கும் சிக்னல் கம்பத்தைப் பார்த்து, முடிவிலியில் ஃபோகஸ் கச்சிதமாக நிற்கிறதா என்று பாருங்கள். மேல் கண்ணும் கீழ்க் கண்ணும் ஒத்துப்போகாத கேமராவில் பார்ப்பது ஒன்று, பதிவாவது இன்னொன்று. ஒரு ரோல் போட்டுக் கழுவிப் பார்க்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

இதிலெல்லாம் தேறியது மீட்டரே இல்லாத 1957 மாடல் மேட் என்றால் அதையே வாங்குங்கள். தேறியது ஜி-யாக இருந்து, விற்கிறவர் சாதாரண 124 விலைக்கு இறங்கி வந்தால் அதுவும் சரி.

எதை வாங்கினாலும் லென்ஸ் பக்கத்தில் செல்ஃப் டைமருக்கு ஒரு குட்டி லீவர் இருக்கும், அதைத் தொடவேண்டாம். இத்தனை வயசான கேமராவில் அது பாதியில் மாட்டிக்கொண்டால் ஷட்டரும் அதோடு நின்றுவிடும்.