இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி: ஒரு மதிப்பீடு

ம. சிங்காரவேலர் (1860–1946) 1923 மே 1 அன்று சென்னையில் தொடங்கிய இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி, இந்தியாவில் முதன்முதலாக மே நாளைக் கொண்டாடிய கட்சியாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. உயர்நீதிமன்றத்தின் எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் அன்று கூட்டங்கள் நடந்தன. மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடி செய்ததாகவும் சொல்லப்படுகிறது. பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு இவற்றோடு முடிந்துவிடுகிறது.

கட்சியின் அரசியல் இதைவிடச் சிக்கலானது. 1922 கயா காங்கிரஸ் மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையாளர் என வெளிப்படையாக அறிவித்தவர் சிங்காரவேலர். அவரது கட்சி காங்கிரசை விட்டு விலகாமல், அதற்குள்ளிருந்தே உழைப்பவருக்கான சுயராஜ்யத்தைக் கோர முயன்றது. ‘தொழிலாளன்’ என்ற இதழையும் நடத்தியது.

ஆனால் பெயரில் இடம்பெற்ற விவசாயிகளை அமைப்பாகத் திரட்டும் அளவுக்குக் கட்சி வளரவில்லை. சென்னை நகரத் தொழிலாளரே அதன் களம். ஒரே தலைவரைப் பெரிதும் சார்ந்திருந்தது அதன் முதன்மையான பலவீனம். கான்பூர் சதி வழக்கில் 1924-இல் சிங்காரவேலர் கைதானது கட்சியைத் தளரச் செய்தது.

எனினும் 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அமைப்பாக நிலைக்காத கட்சி, சுயராஜ்யம் யாருக்கு என்ற கேள்வியை விட்டுச்சென்றது. மே நாள் கொடியேற்றத்தோடு மட்டும் அதை நினைவுகூர்வது, அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதாகும்.