கண்ணாடிக்குள் கேட்கும் சத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பத்து வருடம் மெஷின் ஓட்டிய ஒருவரைக் கலைக் கண்காட்சிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க" என்பார். புரியும் என்பது என் கட்சி. கம்ப்ரஸர், பிரஸ், ஃபேன் எல்லாம் ஒன்றாக அலறும் ஷெட்டுக்குள், ஒரு மோட்டாரின் ஓசை லேசாகப் பிசகினாலும் "பேரிங் போகப்போகுது" என்று சொல்லிவிடும் காது அவருடையது. பார்வை, பிம்பம், இரைச்சல் ஆகியவற்றைப் பல கலைஞர்கள் கூடி ஆராயும் கண்காட்சிகள் கேட்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

2019 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படக் கண்காட்சி நல்ல உதாரணம். பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா என். தொகுத்தது. சேப்பாக்கத்தில் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸிலும் படங்கள் இருந்தன. கண்காட்சியின் 'ஃபானா ஆஃப் மிரர்ஸ்' (கண்ணாடி உயிரினங்கள்) என்ற தலைப்பு, எழுத்தாளர் போர்ஹெஸ் எழுதிவைத்த ஒரு சீனக் கதையின் பெயர். கண்ணாடி உலகத்தாரும் நாமும் ஒரு காலத்தில் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தோமாம். ஓர் இரவு அவர்கள் படையெடுத்து வர, மஞ்சள் பேரரசர் அவர்களை முறியடித்துக் கண்ணாடிக்குள் அடைத்தார். நாம் செய்வதையே திருப்பிச் செய்யும்படி மந்திரத்தால் கட்டிப்போட்டார். என்றாவது அந்தக் கட்டு தளரும். அதற்கு முன்பு கண்ணாடியின் ஆழத்திலிருந்து ஆயுதங்கள் உரசும் சத்தம் கேட்குமாம்.

படத்துக்குள் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் ரசிப்பதன் தொடக்கம்.

புஷ்பமாலாவின் படங்களிலேயே பழகலாம். 2000 முதல் 2004 வரை புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு தொடர் செய்தார். அதில் ரவிவர்மாவின் லட்சுமியாக வேடமிட்டு அவரே நிற்கிறார். நம் வீட்டுக் காலண்டரில் பார்த்துப் பழகிய லட்சுமி என்பதால் கை தானாகக் குவியப் பார்க்கும். அந்த இடத்தில் நகராமல் நில்லுங்கள். தீட்டிய திரை, வேடத்துக்குள் இருக்கும் நிஜ மனுஷியின் முகம் என்று ஒவ்வொன்றாகப் பிசகும். அதே தொடரில் இன்னொரு படம்: கட்டம் போட்ட திரைக்கு முன்னால், வெள்ளைக்காரர் காலத்து ஆய்வுப் புகைப்படங்களில் உள்ளதுபோல் உடம்பை அளந்து பார்க்க நிறுத்தப்பட்ட தோடர் பெண். இரண்டுக்கும் நடுவே போய் வாருங்கள். ஒரே பெண்ணைப் படம் கும்பிடவும் வைக்கிறது, அளக்கவும் வைக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் உச்சம் அதுதான்.

படத்திலேயே இரைச்சல் உண்டு. 1973இல் லியான் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாகச் சுருக்கி வெளியிட்டார். கிட்டத்தில் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கினால், அல்லது பத்தடி தள்ளி நின்றால், லிங்கன் வந்துவிடுவார். கட்டங்களின் கூரிய விளிம்புகள்தான் அங்கே இரைச்சல். பார்வை மங்கும்போது அவை அழிந்து முகம் மிஞ்சுகிறது. அதனால் எந்தப் படத்தையும் கிட்டப் போய் ஒருமுறை, எட்ட நின்று ஒருமுறை, கண்ணைச் சுருக்கி ஒருமுறை பாருங்கள். ஜெய்ப்பூர் கலைஞர் நந்தன் கியா பழைய ஸ்டுடியோப் படங்களின் மேல் வண்ணத்தால் கட்டங்கள் தீட்டி முகங்களைச் சிதைத்திருக்கிறார், நெட் விட்டுப்போன வீடியோ கால் மாதிரி. அங்கே கண்ணைச் சுருக்கினாலும் அந்த முகம் முழுசாகத் திரும்பாது. யாரோ ஒருவருடைய தாத்தா பாட்டி அவர்கள். அந்த இழப்பு மனசில் உறைக்கும்வரை நில்லுங்கள்.

வீடியோ ஓடும் அறைகளில் பக்கத்து அறைச் சத்தமும் கலந்து வரும். எரிச்சல்படாமல் வாசலிலேயே நின்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கவும் வேண்டாம், நாலு படைப்பு போதும். விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. கொசஸ்தலையாற்றங்கரை அதிரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். எத்தனையோ பேர் மிதித்து நடந்த சரளை அது. எந்தக் கல்லில் மனிதக் கை பட்டிருக்கிறது என்று பிரித்தறிந்த கண்தான் புதிது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருட வயது என்று பின்னாளில் கணித்திருக்கிறார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களின் முன் கால் மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள், ஆற்று மணலே வேறு மாதிரி தெரியும்.

பியனாலே நான்காவது முறையாக 2024 டிசம்பரில் வந்தது. அது இல்லாத மாதங்களில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் வந்து, மெட்ரோவில் ஆயிரம் விளக்கில் இறங்கினால் பக்கம். வீக்லி ஆஃப் அன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருந்தால், பெயரோடு ஊரையும் எழுதுங்கள்: கும்மிடிப்பூண்டி.